ஃபிளாஷ் இருக்குதுங்களா

யாரைப் படம் எடுக்கப் போறீங்க என்று கடைக்காரர் கேட்டார், அதில் தப்பொன்றும் இல்லை, கேமரா வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிற கேள்விதான், ஆனால் சிகாமணிக்குச் சுருக்கென்றது, இந்த ஆளுக்கு எதற்கு அந்த விவரம், ஏதாவது தெரிந்துகொண்டு கேட்கிறாரா, அட, தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது, ஒன்றுமே இல்லையே என்று தனக்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, "குழந்தையத்தானுங்க, என்ற பொண்ணு, மூணு முடியப் போகுது, ஒரு எடத்துல நிக்க மாட்டா, ஃபோன்ல எடுத்தா கலங்கிப் போயிருதுங்க" என்றான். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், டேவிட்ராஜ் என்று மேசைமேல் பெயர்ப்பலகை இருந்தது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "எல்லாரும் அதுக்குத்தாங்க வர்றாங்க" என்று சிரித்தார். எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்களாம்! சிகாமணி திரும்பிப் பார்த்தான். பிளாஸ்டிக் ஸ்டூலில் அவன் மனைவி வாணி உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் மிதுனா உட்காரவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நெளிந்துகொண்டிருந்தாள். குழந்தையின் இடது கண்ணை அவன் பார்க்கவில்லை. அதை விட்டுவிட்டுக் குழந்தையை முழுக்கப் பார்த்துவிடுகிற வித்தை ஒரு மாதத்துக்கு மேலாக அவனுக்குக் கைவந்திருந்தது, மொட்டையில் முளைக்கிற முடியைப் பார்ப்பான், காதில் புதுத் தோட்டைப் பார்ப்பான், வாயோரத்துப் பிஸ்கட் துணுக்கைப் பார்ப்பான். ஃபோனில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் அந்த இடது கண்ணின் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுகிறது, வலது கண்ணில் விழுவதில்லை, அவ்வளவுதான் சங்கதி. அது ஃபோனின் கோளாறா குழந்தையின் கோளாறா என்பதுதான் கேள்வி. ஃபோனின் கோளாறுதான் என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொள்ளத்தான் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இந்த மாடிக்கடைக்கு அவன் படியேறியிருந்தான். வாணிக்கு இது தெரியாது, அவள் நிஜமாகவே கேமரா வாங்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், இது சின்னது, பாக்கெட்டில் போட்டுக்கலாம், இது கொஞ்சம் பெரிசு, லென்ஸ் மாத்திக்கலாம், இது புதுசு, வேகமா ஓடற குழந்தைக்கு இதுதான் தோது, என்று அவர் சொல்லிக்கொண்டே போக, சிகாமணிக்கு அவர் கைமேல்தான் கண். எதை முதலில் எடுக்கிறார், எதைத் துடைக்கிறார், எதைத் துடைக்காமல் வைக்கிறார். துடைக்காமல் வைத்தது விற்காமல் கிடக்கிற சரக்கு, அதைத்தான் நம் தலையில் கட்டப் பார்ப்பார். பன்னிரண்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், சும்மாவா? மேசைமேல் ஒரு பீஸை விரித்தால் மூன்று எண்ணுவதற்குள் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் அவன் கண்ணில் பட்டாக வேண்டும். பட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே எடுத்து வைக்க வேண்டும். சந்தேகம் வந்தாலே எடுத்து வை, யோசிக்காதே, நல்லா இருந்தா திரும்பிச் சேர்த்துக்கலாம், தெரியாமப் போய்ட்டா மொத்த லாட்டுச் சரக்கும் திரும்பி வந்துரும் என்று பதினெட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன். அப்படிப்பட்டவன் வீட்டில் என்ன செய்தான்? யோசித்தான், யோசித்தான், யோசித்துக்கொண்டே இருந்தான். ஒரு கையால் குழந்தையின் ஒரு கண்ணை மூடி, அப்பா எங்கே என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம். கண்ணாமூச்சி விளையாடுகிற மாதிரி இரண்டு தடவை முயற்சியும் பண்ணினான், ஆனால் கை அதுவாக விரிந்து இரண்டு கண்ணையும் சேர்த்தே மூடியது, ஒற்றைக் கண்ணை மட்டும் மூட அந்தக் கைக்குத் தைரியம் வரவில்லை. நம் கையே நம் பேச்சைக் கேட்காதபோது முன்பின் தெரியாத கடைக்காரரை எப்படி நம்புவது, "அந்த நடுவுல இருக்கறத ஏன் துடைக்காம வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டான். டேவிட்ராஜ் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதையும் துடைத்து வைத்தார்.

படமே எடுக்காமல் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை, அக்கா சொன்னது சரிதானோ. அவனுடைய அக்கா சரஸ்வதிக்கு முதல் குழந்தையை ஏழாம் மாதத்தில் ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள், பத்தாம் மாதம் காய்ச்சலில் அது போய்விட்டது, அந்த ஒரு படம் இன்னும் அக்கா வீட்டுப் பீரோவில் துணியைச் சுற்றிக் கிடக்கிறது. அன்றிலிருந்து அவர்கள் குடும்பத்தில் யார் பிள்ளை பிறந்தாலும் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிற வரைக்கும் ஒரு படம் எடுக்கக்கூடாது. "மீறி எடுத்தீங்கன்னா இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், ஆமா" என்று பிரசவ ஆஸ்பத்திரியிலேயே அக்கா சொல்லிவிட்டாள். வாணிக்கு அதில் வருத்தந்தான். நாளைக்கு இவளுக்குக் காட்டறதுக்கு ஒரு படம் வேண்டாமாங்க என்று கேட்டாள், இருந்தாலும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் வார்த்தையைத் தட்ட மனசு வரவில்லை. ஒரு வருஷத்தில் முடிகிற காரியந்தான், ஆனால் முதலில் பங்காளி வீட்டில் ஒரு சாவு, அந்தத் தீட்டு முடிகிறதற்குள் இன்னொரு சாவு, அப்புறம் கோயிலில் திருப்பணி என்று வருஷம் பூராவும் ஒரு விசேஷமும் இல்லை. இரண்டே முக்கால் வயது வரைக்கும் மிதுனாவுக்கு உலகத்தில் ஒரு படம் கிடையாது. காது குத்தின அன்றைக்குத்தான், மாமன் மடியில், அதாவது வாணியின் தம்பி மடியில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசி உட்கார்ந்து அழுது முடித்து ஓய்ந்த குழந்தையை மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் அவனே ஃபோனை எடுத்து ஃபிளாஷைப் போட்டு எடுத்தான், அப்பன் எடுத்த முதல் படம், எல்லாரும் கூடி நின்று ஓவென்று சத்தம் போட்டார்கள். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தபோது வெள்ளை வட்டம். சந்தனம் தெறித்திருக்கும் என்று நினைத்தான். விரலால் ஃபோனைத் துடைத்தான், போகவில்லை. குழந்தையின் கண்ணைப் பார்த்தான், சந்தனமும் இல்லை ஒன்றும் இல்லை, கண் கண்ணாகத்தான் இருந்தது. ஃபிளாஷ் அடித்ததால் வந்ததா? எடுக்காதே என்று சொல்லியும் ஆசைப்பட்டு, நேருக்கு நேராக அவ்வளவு வெளிச்சத்தைக் குழந்தை கண்ணில் நான்தான் அடித்தேனா? இல்லை, முன்பே இருந்து, படம் எடுக்காததால் தெரியாமல் போனதா? இந்த இரண்டில் எது நல்லது என்று அவன் எத்தனை நாள் குழம்பினான் என்று கேட்டால் ஒன்றும் நல்லதில்லை என்பதுதான் பதில், ஆனாலும் குழப்பம் விடவில்லை.

"ஏனுங்க, வெல சொல்றாரு பாருங்க, அங்க எங்க பாத்துட்டு இருக்கறீங்க?" என்று வாணி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள், அந்தக் குரலில் கேமராவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரம் இருந்தது. அவளுக்கும் இப்போது இவன்மேல் ஒரு கண்தான், அது அவனுக்குத் தெரியும். எப்போது பார்த்தாலும் ஃபோனும் கையுமாக இருக்கிறான், அவள் பக்கத்தில் வந்தால் கவிழ்த்து வைக்கிறான், குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போகிறான். போன வாரம் நேராகவே கேட்டுவிட்டாள், "அதுல யாரு இருக்கறாங்கன்னு சொல்லிப்போடுங்க, நான் ஒண்ணும் கத்த மாட்டேன்." யார் இருக்கிறார்கள்! கம்பெனி வேலைப் படங்களுக்கு நடுவில், கறை பட்ட துணிக்கும் கிழிந்த காலருக்கும் இடையில், அவள் பெற்ற பிள்ளை முப்பத்தாறு படமாக இருக்கிறாள், சமையலறையில், குளியலறை வாசலில், ஜன்னலை மூடின அறையில், நேராக, சாய்வாக, மேலிருந்து, கீழிருந்து. சில படத்தில் வெள்ளை விழும், சில படத்தில் விழாது. விழாத அன்றைக்கு அவன் எல்லாரிடமும் அன்பாக இருப்பான், வாணிக்குப் பூ வாங்கி வருவான், அது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைத்தான் கிளப்பியது. விழுந்த அன்றைக்கு ஃபோனைத் திட்டுவான். மூன்று வருஷத்துப் பழைய ஃபோன், கீழே விழுந்து மூலை கீறியது, கீறலில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது, வேறென்ன. பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனை வாங்கி எடுத்தான், அதிலும் விழுந்தது. அதுவும் அதே கம்பெனி ஃபோன், அந்தக் கம்பெனியே சரியில்லை. "பாப்பாவ எதுக்கு அடிக்கடி இருட்டு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போறீங்க?" என்று வாணி ஒரு நாள் கேட்டபோது அவள் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பு கூசியது, பெற்ற அப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது, ஆனால் அவள் இடத்தில் இருந்தால் அவனும் கேட்டிருப்பான். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சொன்னால் அது நிஜமாகிவிடும், அவள் அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அங்கே ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பார். யாரும் வாயைத் திறக்காத வரைக்கும் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம். கம்பெனி பேக்கிங் செக்‌ஷன் குரூப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள், ஃபிளாஷ் படத்தில் குழந்தையின் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், சில சமயம் ஒன்றும் இருக்காது, சில சமயம் கண்ணுக்குள் கட்டி இருக்கும், நாள் கடத்தினால் கண் போகும், அதற்கு மேல் நாள் கடத்தினால், என்று போனது, அந்த வரியை அவன் படித்து முடிக்கவில்லை. குரூப்பில் வருகிறதெல்லாம் நிஜமா, எலுமிச்சம்பழம் குடித்தால் எல்லா நோயும் தீரும் என்று அனுப்பினவர்கள்தானே இவர்கள் என்று அதை அழித்துவிட்டான், அழித்தது வார்த்தைக்கு வார்த்தை மனசில் நின்றுவிட்டது.

"இதப் பாருங்க, இது நேரா கண்ணத் தேடிப் புடிச்சுக்கும்" என்று டேவிட்ராஜ் புதுக் கேமராவை எடுத்துக் குழந்தை பக்கம் திருப்பினார். கண்ணைத் தேடிப் பிடிக்குமா? சிகாமணி எட்டிப் பார்த்தான். கேமராவின் பின்புறத் திரையில் மிதுனா தெரிந்தாள், அவள் முகத்தில் ஒரு பச்சைக் கட்டம் வந்து அலைந்து வலது கண்மேல் போய் உட்கார்ந்துகொண்டது, அவள் ஆடினாள், அதுவும் ஆடியது, வாணி தோளில் முகத்தைப் புதைத்தாள், தொலைந்தது, நிமிர்ந்தாள், மறுபடி வலது கண். "அதென்னங்க அந்தக் கண்ணையே புடிக்குது?" "எது கிட்ட இருக்குதோ அதப் புடிக்குங்க." "இந்தக் கண்ணப் புடிக்காதுங்களா?" "பாப்பா அந்தப் பக்கம் திரும்பினா புடிக்கும்." திரும்பவில்லை. அவள் எப்போதும் அந்த வாட்டத்தில்தான் திரும்புகிறாள், வலது கன்னத்தை முன்னால் நீட்டிக்கொண்டுதான் எதையும் பார்க்கிறாள், ஆறு மாதமாக இடது பக்கத்துக் கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்கிறாள், துறுதுறுப்பு என்று எல்லாரும் சிரித்தோம். சீ, என்ன நினைப்பு இது, எல்லாக் குழந்தையும் இடித்துக்கொள்ளத்தான் செய்யும். இந்த மெஷின் ஏன் கண்ணைத் தேடுகிறது, எவன் இதைக் கேட்டான், படம் எடுக்கச் சொன்னால் படம் எடுக்காமல் கண்ணைத் தேடுகிறதாம். "ஃபிளாஷ் இருக்குதுங்களா இதுல?" என்றான். "இதுல வராதுங்க, தனியா வாங்கோணும். குழந்தைக்கு ஃபிளாஷ் எதுக்குங்க, ஜன்னலோரம் உக்கார வெச்சு எடுங்க, மொகம் அவ்வளவு அழகா வரும்." "இல்லீங்க, ஃபிளாஷ் வேணும்." "மொதல் கேமராதானுங்களே உங்களுக்கு, பழகற வரைக்கும்..." "எனக்கு ஃபிளாஷ்தாங்க வேணும்!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கடைக்காரர் வாணியைப் பார்த்தார், வாணி தரையைப் பார்த்தாள். சரி, வாங்குகிறவர் இஷ்டம் என்று அவர் நடுவில் இருந்ததை, அந்தத் துடைக்காமல் வைத்ததை, எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினார், தலையில் ஃபிளாஷ் டக்கென்று எழுந்து நின்றது.

சிகாமணியே வாங்கி எடுத்தான். முதல் படத்தில் குழந்தை திரும்பிக்கொண்டாள், இரண்டாவதில் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், பயந்துவிட்டாளோ, என்னைக் கண்டாலே இப்போது முகத்தைத் திருப்புகிறாளோ, அப்பன் என்றாலே வெளிச்சம் அடிக்கிறவன் என்று ஆகிவிட்டதா. "சாமி, இங்க பாரு, அப்பாவப் பாரு" என்றான். கண்ணு என்றுதான் எப்போதும் கூப்பிடுவான், அந்த வார்த்தையை வாயிலிருந்து எடுத்தே ரொம்ப நாளாகிவிட்டது. மூன்றாவது படம் விழுந்தது. பார்க்கத் தைரியமில்லாமல் கடைக்காரரிடம் கொடுத்தான். அவர் பெரிசாக்கிக் காட்டினார். இரண்டு கண்ணும் கறுப்பு. வெள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை, கறுகறுவென்று இரண்டு திராட்சைப் பழம். ஐயோ சாமி, என்று மேசையைப் பிடித்துக்கொண்டான். ஃபோன்தான்! ஃபோனேதான்! பாழாய்ப்போன அந்தக் கீறல் விழுந்த ஃபோன்! வாணியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கடைக்காரரைக் கூடக் கட்டிக்கொள்ளலாம், எவ்வளவு நல்ல மனுஷன், துடைக்காமல் வைத்தால் என்ன, வேலை மும்முரம். "இதையே குடுத்துருங்க" என்று சொல்ல வாயெடுத்தான். அங்கேதான் அவன் தொழில் அவனைப் பிடித்து இழுத்தது. எந்த லாட்டையும் ஓகே பண்ணுகிறதற்கு முன்னால் சாம்பிளோடு வைத்துப் பார்க்க வேண்டும். முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும் சாம்பிளோடு வைத்துப் பார்க்காமல் அவன் கையெழுத்துப் போட்டதில்லை. சாம்பிள் கையில் இருந்தது. காதுகுத்து ஆல்பம், கோயிலடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர் பெரிய கேமராவில் எடுத்து, பதினைந்து நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அறுபது படம், எல்லாம் ஃபிளாஷ் போட்டது, ஒன்றில்கூட வெள்ளை கிடையாது. அது வந்த நாளிலிருந்து அவனைத் தூங்க வைத்தது அந்த ஆல்பந்தான். நல்ல கேமராவில் எடுத்தால் வராது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

"இந்த மாதிரி வருங்களா?" என்று கட்டைப் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து மேசைமேல் விரித்தான். நடுப்பக்கத்தில் மிதுனா முகம் மட்டும் பக்கம் முழுக்கப் பெரிசாக இருந்தது. டேவிட்ராஜ் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், குனிந்தார், கொஞ்சம் அதிகநேரம் குனிந்தே இருந்தார், எதற்கு இவ்வளவு நேரம், படம் நன்றாக இல்லை என்று சொல்லி விலை கூடின கேமராவைத் தள்ளப் பார்க்கிறாரா. "நல்ல வேலைக்காரருங்க" என்றார் அவர். "நல்ல கேமராங்களா?" "கேமரா இல்லீங்க, கண்ணு வேலை. நானும் ஆல்பம் பண்றவன்தான், அதான் தெரியுது. ஃபிளாஷுல கண்ணு செவந்தா நாங்க கறுப்பாக்கிருவோம், எல்லா ஸ்டுடியோவுலயும் பண்றதுதான், நூறு மூஞ்சி வரும், யோசிக்கறதே இல்லீங்க, கை தானாப் போயிரும். இவரு அதுக்கும் மேல. இங்க பாருங்க, வலது கண்ணையே எடுத்துத் திருப்பி இடது கண்ணுல ஒட்டியிருக்கறாரு. ரெண்டுலயும் வெளிச்சப் புள்ளி மூக்கு பக்கமா இருக்குது பாருங்க, ஒரே லைட்டுன்னா ரெண்டும் ஒரே பக்கந்தான இருக்கோணும்?" சிகாமணி பார்த்தான். இருந்தது. வலது கண்ணில் மூக்குப் பக்கம், இடது கண்ணிலும் மூக்குப் பக்கம். அடுத்த பக்கம் திருப்பினான், அதிலும். அதற்கடுத்ததிலும். நூல் ஓட்டி ஓட்டையை அடைத்த இடத்தைத் துணியைத் தொட்டே சொல்லிவிடுகிறவன், இதை எத்தனை தடவை மடியில் வைத்துப் பார்த்திருக்கிறான், தெரியவே இல்லை, தெரிய வேண்டாம் என்றுதானே பார்த்தான். "எல்லாப் படத்துலயும் பண்ணியிருக்கறாருங்க, செவப்புக்கு இவ்வளவு வேலை எதுக்குன்னு தெரியலையே" என்று கடைக்காரர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, சொல்லி முடிக்கிறபோது குரல் இறங்கிவிட்டது, கேமராவை எடுத்து அந்த மூன்றாவது படத்தை மறுபடி பார்த்தார். "இது சாஞ்சாப்ல எடுத்தது. சாஞ்சு எடுத்தா எந்தக் கண்ணுலயும் ஒண்ணும் தெரியாதுங்க." அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தான், ஒன்றும் பெரிசாக இல்லை, அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர்மேல் கோபம் கோபமாக வந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, கண்ணை ஒட்டின கைக்கு ஏன் ஒட்டுகிறோம் என்று தோன்றியிருக்க வேண்டாமா, ஆனால் அவர் நூறு முகத்தில் ஒரு முகத்தைப் பார்த்தவர், இவன் ஒரே முகத்தை முப்பத்தாறு தடவை பார்த்தவன், யாரை யார் கேட்கிறது.

"அப்பா, நானு, நானு" என்று மிதுனா எப்போதோ இறங்கி ஓடிவந்து அவன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேமரா வேண்டும். அவன் அவளைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினான், ஏன் நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது, வீட்டுக்குப் போய்விடலாம், இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள், என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கேமராவைத் தன் கையிலேயே தாங்கிக்கொண்டு பின்னால் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னலை அவள் வலது கண்ணில் வைத்தான். "என்ன தெரியுது சாமி?" "அம்மா!" என்று அவள் கூவினாள், "அம்மா தெரியுது, அம்மா சின்னதா தெரியுது!" வாணி அங்கிருந்து கையை ஆட்டினாள், ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு. நிறுத்திக்கொள்ளலாம். இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் சாயங்காலம் வரைக்கும் நன்றாக இருக்கலாம். அவன் கேமராவை ஒரு அங்குலம் நகர்த்தி இடது கண்ணில் வைத்தான், வலது கண் கேமராவின் உடம்புக்குப் பின்னால் போய்விட்டது, அவன் கை ஒருமுறையாவது அவன் பேச்சைக் கேட்டது. மிதுனா சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிப்பு நின்றது. காத்திருந்தாள். தலையை ஆட்டி வலது பக்கம் தேடினாள், அவன் விடவில்லை. "இப்ப என்ன தெரியுது?" என்றான். அவள் கோபமே இல்லாமல், வீட்டில் கேட்கிற மாதிரி, "லைட்டு போடுப்பா" என்றாள்.

டேவிட்ராஜ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாணி இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்கு இடது கண்ணு தெரியல" என்று சிகாமணி சொன்னான், அவ்வளவு சின்ன வாக்கியம், அதற்குத்தான் இத்தனை பாடு. வாணி நம்பவில்லை, இவன் சொல்கிற எதையும் கொஞ்ச நாளாக அவள் நம்புவதில்லை, "என்ன பேச்சுங்க இது" என்று எழுந்து வந்து, அவன் முகத்தைப் பார்த்து, கடைக்காரர் முதுகைப் பார்த்து, பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள். அவன் பின்னாலேயே இறங்கினான். கீழே உச்சி வெயில் கண்ணைக் குத்தியது, பஸ் ஹாரன் காதை அடைத்தது. நடைபாதையில் மண்டி போட்டு உட்கார்ந்து, குழந்தையைத் தன் எதிரில் நிறுத்தி, வாணி கொஞ்சமும் யோசிக்காமல் உள்ளங்கையால் வலது கண்ணை மட்டும் மூடினாள். "அம்மா எங்க, சாமி?" அத்தனை வெயிலில் மிதுனா இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், நீட்டித் தடவினாள், விரல் வாணியின் மூக்கில் பட்டது, மூக்குத்தியைத் தொட்டது, தொட்டதும் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் "அம்மா இங்க" என்றாள். சிகாமணி இந்தத் தடவை வேறெங்கும் பார்க்கவில்லை, அந்தக் கண்ணையே பார்த்தான், வெயிலில் அதன் அடியாழத்தில் ஏதோ மங்கலாக மின்னியது, பெற்றவன் பார்க்க வேண்டியதை அன்றைக்குத்தான் பார்த்தான், அழுகை வந்தது, அழ உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வாணி கையை எடுத்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள், "எப்பத் தெரியும் உங்களுக்கு?" அவனுக்கு நாள் கணக்கு தெரியும், ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டுதான் இருந்தான், "காது குத்துன அன்னைக்கே. நாப்பத்தோரு நாளாச்சு" என்றான். திட்டுவாள் என்று நினைத்தான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனை ஒரே ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். "வண்டிய எடுங்க" என்றாள். எடுத்தான். பின்னால் ஏறி உட்கார்ந்தவள் எப்போதும் போல அவன் தோளைப் பிடிக்கவில்லை, இரண்டு கையாலும் பிள்ளையைத்தான் பிடித்துக்கொண்டாள், "கண்ணாஸ்பத்திரிக்கு" என்று மட்டும் சொன்னாள்.